சிறிய பெட்டிக்கு எந்த விசிறி?

சொந்தமாகக் கணினி கட்டமைக்கும் இளையர்கள் பலர் இப்போது சிறிய பெட்டியையே நாடுகிறார்கள். வீவக வீட்டுப் படிப்பு மேசையில் பெரிய பெட்டிக்கு ஏது இடம்? 17 சென்டிமீட்டர் சதுரமான மினி-ஐடிஎக்ஸ் பலகை அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் பார்த்துப் பார்த்துச் செலவிட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் வண்ண விளக்கு மின்னும் விசிறி ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். நம் ஊரில் இந்த வரிசை சரிவராது.

விசிறி காற்றை நகர்த்துமே தவிர, குளிரூட்டாது. பிற்பகலில் அறை வெப்பம் 31, 32 டிகிரி என்றால், உள்ளே போவதும் அதே காற்றுதான். 20 டிகிரி அறையில் எடுத்த சோதனை முடிவை நம்பி வாங்குபவர், அதனுடன் இன்னும் 11, 12 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய பிராசசர்கள் பலவும் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வேகத்துக்காகக் கொடுத்த பணம் அங்கேயே வீண்.

ஆகவே முதலில் தேவைப்படுவது அளவுகோல். வழக்கமான 120 மில்லிமீட்டர் விசிறியின் தடிமன் 25 மில்லிமீட்டர். மெல்லிய வகை 15 மில்லிமீட்டர். அகலத்தை மட்டும் பார்த்து வாங்கி, பெட்டியை மூட முடியாமல் தவிப்போர் உண்டு. தடிமன் எவ்வளவு என்று கேட்காமலேயே விற்கும் கடைகளும் உண்டு! 25 மில்லிமீட்டர் இடைவெளியில் 25 மில்லிமீட்டர் விசிறியைத் திணிப்பதும் தவறு. தகட்டோடு ஒட்டி நின்றால் விசிறிக்கு இழுக்கக் காற்று இருக்காது, இரைச்சல்தான் மிஞ்சும். இடம் இருக்கும்வரை பெரிய விசிறியே மேல். அதே அளவு காற்றை அது மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். தம்பி தங்கை உறங்கும் அறையில் படிப்பவருக்கு இது சிறிய விஷயமன்று.

விசிறியின் விவரக்குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது ஒன்று. எவ்வளவு அழுத்தம் என்பது மற்றொன்று. எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது முதல் எண். காற்று முற்றிலும் அடைபட்டபோது அளந்தது இரண்டாவது. நெரிசலான பெட்டியில் தூசு வடிகட்டி, துளைத் தகடு, நெருக்கமான உலோக இதழ்கள் என வழியெங்கும் தடைதான். எனவே அங்கே அழுத்த எண்ணையே முதலில் பார்க்கவேண்டும். விளம்பரங்கள் பெரிதாகக் காட்டும் காற்றின் அளவை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது.

நான்கு முனை இணைப்புள்ள விசிறி என்றால், வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தைப் பலகையே கட்டுப்படுத்தும். கூடுதல் விலை கொடுக்கலாம். விளக்குக்குக் கொடுப்பது அலங்காரச் செலவு.

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெட்டியை மூடி வைத்து 15 நிமிடம் விளையாடி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே அறையில் அதே விளையாட்டு. வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் பெட்டி காற்றுக்கு ஏங்குகிறது. நல்ல விசிறி உதவும். ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் என்றால் விசிறி வாங்கிப் பயனில்லை. பிராசசர் மேலுள்ள வெப்பப் பசை காய்ந்துவிட்டதா, குளிர்விப்பான் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.