அறிவியல் முகாமில் நம் பிள்ளைக்கு ஒரு கட்டில் உண்டா?



2009-ஆம் ஆண்டின் இறுதியில் பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு விடுமுறை முகாம் தொடங்கியது. பெர்மாத்தா பிந்தார் என்று பெயர். இணையத் தேர்வு வைத்து நாட்டின் மீத்திறன் மாணவர்களைத் தேடி எடுத்தார்கள். பள்ளி விடுமுறையில் சுமார் 3 வாரம் பல்கலைக்கழகத்திலேயே தங்க வைத்துக் கணிதமும் அறிவியலும் கற்பித்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் துணை நின்றது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அதன் பெயர் ஜீனியஸ் பிந்தார் என்று மாறியது.

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இப்படிப்பட்ட முகாம்களில், தங்குமிட அறிவியல் பள்ளிகளில், தொழிற்சாலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு ஒரு கட்டில் உண்டா? தோட்டத்துப் பிள்ளைக்கு உண்டா? பாதுகாவலர் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு உண்டா?

தங்கிப் படிப்பது வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இனிய அனுபவம். அந்த முகாம் இல்லாவிட்டாலும் அவனுக்கு டியூசன் உண்டு, கணினி உண்டு, படித்த பெற்றோர் உண்டு. நம் பிள்ளையின் நிலை என்ன? மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் ஏழு பேர். இரவு ஷிப்டு முடித்த அப்பா பகலில் தூங்க வேண்டும். வாய்விட்டுப் படிக்க முடியாது. அம்மா ஓவர்டைம் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளைதான். இந்தப் பிள்ளைக்குத் தங்குமிடம் என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, மூன்று வேளை சாப்பாடு, மாலையில் சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர், கையால் தொட்டுப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும். சேருகிறதா?

"தேர்வு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்பார்கள். கதவு திறந்திருப்பதை வீட்டுக்குள் இருப்பவனுக்கு மட்டும் சொன்னால் போதுமா? முன்பு யுபிஎஸ்ஆரில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையை ஊரே அறியும். தமிழ் நாளிதழில் படம் வரும். தலைமையாசிரியரே பாரம் கொண்டு வந்து நிரப்பச் சொல்வார். 2021-ல் யுபிஎஸ்ஆர் நின்றது. 2022-ல் பிடி3-யும் நின்றது. இன்று முழுத் தங்குமிடப் பள்ளியில் 1-ஆம் படிவத்திலோ 4-ஆம் படிவத்திலோ சேர வேண்டுமானால் பிகேஎஸ்கே என்ற மதிப்பீட்டுக்கு இணையத்தில் பதிய வேண்டும். நாள் தவறினால் அந்த வாய்ப்பு போய்விட்டது. விவரம் தெரிந்த வீடு பதிந்துவிடுகிறது. விவரம் தெரியாத வீட்டில் அறிவுள்ள பிள்ளை அப்படியே கிடக்கிறது. இதைத் திறமை அடிப்படை என்று எப்படிச் சொல்வது?

"இந்தியப் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது" என்று சொல்லும் வாய்களும் உண்டு. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் விழாக்களைப் போய்ப் பாருங்கள். 150 பேர்கூட இல்லாத சிறிய பள்ளியின் பிள்ளைகள் தாங்களே செய்த ஆய்வை நின்று விளக்குகிறார்கள். வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். மூளைக்குப் பஞ்சமில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கைபிடித்து அழைத்துச் செல்லத்தான் ஆளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசு நடத்தும் கல்விக்கூடங்களில் மாணவரைச் சேர்ப்பதில் இனமோ மதமோ பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் நியாயமான அளவில் இடம் ஒதுக்க 153-ஆவது பிரிவு வழி செய்கிறது. மற்ற இனங்களின் நியாயமான நலன்களைக் காக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. யாருடைய பங்கையும் நாம் பறிக்க வரவில்லை. கம்பத்தில் இருக்கும் ஏழை மலாய்ப் பிள்ளைக்கும் அந்தக் கட்டில் கிடைக்கட்டும். ஆனால் சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் உரக்கப் படித்து மறுபாதியை விழுங்கக் கூடாது!

முகாமோடு கதை முடிவதுமில்லை. எஸ்பிஎம் எழுதிய பின் மெட்ரிகுலேசன் என்ற சுவர் நிற்கிறது. அதுவும் தங்கிப் படிக்கும் திட்டம்தான். பல்கலைக்கழகத்துக்குக் குறுக்கு வழி. 2003-ல் பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காடு திறந்தார்கள். 2019-ல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். 90-க்கு 10 என்ற கணக்கை மட்டும் மாற்றவில்லை. 2024-ல் 10ஏ எடுத்த எல்லா மாணவருக்கும் இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்றோம். 2025-ல் ஏ-மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்று சர்ச்சை கிளம்பியது. மேலும், 10 பாடம் எடுக்கவே வசதியில்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 10ஏ எங்கிருந்து வரும்?

நம் தலைவர்களையும் கேட்போம். ஆண்டு தவறாமல் தன்முனைப்பு முகாம் நடத்துகிறீர்கள். டி-சட்டை, தொப்பி, மாலை, பிரமுகர் உரை, குழுப் படம். அந்தச் செலவில் ஒரு வாரம் உண்மையான அறிவியல் முகாம் நடத்தலாமே? நுண்ணோக்கியைத் தொடாத பிள்ளைக்கு "உன்னால் முடியும்" என்று ஒலிபெருக்கியில் கத்தி என்ன பயன்?

நம் கோரிக்கைகள்:

1. தங்குமிட அறிவியல் பள்ளிகளிலும் முகாம்களிலும் சேர்ந்தவர் விவரத்தை இன வாரியாக, குடும்ப வருமான வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.
2. எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் 6-ஆம் ஆண்டு மாணவர் அனைவரையும் பள்ளியே பிகேஎஸ்கே-க்குப் பதிந்து கொடுக்கட்டும். அறிவிப்பு தமிழிலும் வரட்டும்.
3. ஏழைப் பிள்ளைகளுக்குப் பயணச் செலவும் முகாம் செலவும் முழுமையாகத் தரப்படட்டும்.
4. மெட்ரிகுலேசனில் யாரை, எந்தப் புள்ளிக்கு எடுத்தார்கள் என்பதைப் பகிரங்கப்படுத்துங்கள்.

பெற்றோர்களே, அரசாங்கம் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பிள்ளை 6-ஆம் ஆண்டிலோ 3-ஆம் படிவத்திலோ இருந்தால் இந்த வாரமே பள்ளிக்குப் போய் விண்ணப்ப நாள் என்ன என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையைப் பதிந்து தரச் சொல்லுங்கள். நிராகரித்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பத்திரமாக வையுங்கள், மேல்முறையீடு செய்யுங்கள். விண்ணப்பமே செய்யாதவனை யாரும் நிராகரிக்கத் தேவையில்லை. நூறு பேர் விண்ணப்பித்து நூறு பேரையும் ஒதுக்கினால்தான் நம் கையில் ஆதாரம் இருக்கும். அந்த ஆதாரத்தோடுதான் புத்ராஜெயாவின் கதவைத் தட்ட முடியும்.