ஆயில் கணக்கும் நம் கையில் இருக்கட்டும்!

சமையல் குறிப்பும் கோலமும் பாட்டி வைத்தியமும் வருகிற இந்தப் பகுதியில் கார் இஞ்சினைப் பற்றி ஒருத்தி எழுதுவதா என்று சில சகோதரிகள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் காருக்கு முன்பணம் கட்ட அடகுக்கடைக்குப் போனது யார் கழுத்து நகை?

செஞ்சி தாலுகாவில் எங்கள் தொண்டூர் மாதிரி ஊர்களில் முன்பெல்லாம் கார் என்றால் கல்யாணத்துக்கு வாடகைக்கு வருவதுதான். இப்போது தெருவுக்கு இரண்டு மூன்று நிற்கிறது. நிறைய வண்டி செகண்ட் ஹாண்ட் டீசல். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அமாவாசைக்கு மேல்மலையனூர், மற்ற நாளில் சென்னை ஏர்போர்ட், புதுச்சேரி ஆஸ்பத்திரி என்று சவாரி ஓடும். 2025-ல் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும், இனி கூட்டம் வரும், வாடகை கூடும் என்று கணக்குப் போட்டு வாங்கினவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு.

அப்படி வாங்கினவன்தான் என் நாத்தனார் மகன். அவன் அம்மாவின் 5 பவுன் பேங்கில் இருக்கிறது. போன பௌர்ணமிக்குக் கிரிவலத்துக்கு ஆள் ஏற்றிப் போனவன், கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் வண்டி இழுக்காமல், பின்னால் புகையாகக் கக்க, ஓரம் கட்டிவிட்டான். ஏறினவர்களுக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்ததில் அன்றைய வாடகை போச்சு. டர்போ போச்சு என்றார் மெக்கானிக். செலவு 40 ஆயிரத்துக்கு மேல். "டீசல் வண்டியே இப்படித்தான், நம்பவே கூடாது" என்று வீடு பூராவும் ஒரே பேச்சு. மெக்கானிக் தம்பி மட்டும் என்னிடம், "யக்கா, ஆயில் மாத்தி 22 ஆயிரம் கிலோமீட்டர் ஆயிருக்கு. வண்டிய ஏன் திட்டறாங்க?" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அதன்பிறகு தேடியும் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டர்போ என்பது பெரிய மாயமில்லை. இஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலைக் கூடுதலாக எரிக்கலாம். அதனால் சின்ன இஞ்சின் பெரிய இஞ்சின் வேலையைச் செய்கிறது. 1905-லேயே ஆல்ஃப்ரெட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து இஞ்சினியர் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று நம் மாமல்லபுரம் பக்கத்துப் பையனூரிலேயே டர்போ செய்கிற தொழிற்சாலை இருக்கிறது.

அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அது மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுற்றுகிறது. ஒரு பக்கம் கொதிக்கிற புகை. இப்போது நம் வடைச்சட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சட்டி ஓரத்தில் கறுப்பாக ஒரு பிசுக்குப் பிடிக்கிறதே, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாதே, அதேதான் டர்போவுக்குள்ளும் பிடிக்கிறது. ஆயில் போகிற துளை அடைபட்டால் தண்டு காய்ந்துபோய்த் தேய்கிறது. நாம் மாதம் ஒருமுறை சட்டியைத் தேய்க்கலாம். டர்போவுக்குள் யார் கைவிடுவது?

வேகமாக ஓடி வந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினதும் டீசல் மிச்சம் என்று படக்கென்று சாவியைத் திருப்புகிற பழக்கம் நம் ஆண்களுக்கு உண்டு. இஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். சூடு மட்டும் அங்கேயே தங்கி, உள்ளே இருக்கிற ஆயிலைக் கருக்கும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் போதும். காலையில் எடுத்தவுடன் உறுமவிடுவதும் கூடாது. ஆயில் மேலே ஏறி டர்போவுக்குப் போய்ச் சேர கொஞ்ச நேரம் வேண்டாமா?

"ஆயில் இன்னும் கறுக்கல, மாத்த வேணாம்" என்பது இன்னொரு பேச்சு. டீசல் இஞ்சினில் புது ஆயில் ஊற்றினாலும் சீக்கிரமே கறுத்துவிடும். கறுப்பை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. கிலோமீட்டரும் தேதியும்தான் கணக்கு. கம்பெனிப் புத்தகத்தில் பெரும்பாலும் 10 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கும். ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 4 ஆயிரத்துக்குள் முடிந்தது. 4 ஆயிரம் எங்கே, 40 ஆயிரம் எங்கே!

டீசல் இஞ்சின் உழைக்காது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபியட்காரர்கள் வடிவமைத்த அந்த 1,248 சிசி டீசல் இஞ்சினை மாருதி, டாடா வண்டிகளில் எல்லாம் போட்டார்கள். 2007-ல் ஸ்விஃப்ட்டில் வந்தது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய வண்டிகள் இன்றும் நம் பஸ் ஸ்டாண்டுகளில் சவாரிக்கு நிற்கின்றன. அந்த இஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயிலைக் கவனிக்காவிட்டால் அந்தச் செயினும் நீண்டு தளர்ந்துவிடும். ஆக அங்கேயும் ஆயில்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் டீசலுக்கு எதிர்க்கட்சி. பிள்ளையைப் பள்ளியில் விட, கடைக்குப் போக, தினம் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டுவதற்குப் புது டீசல் கார் வாங்காதீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். அதில் சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துக்கொள்ளும். அதற்கு ரோட்டில் நிற்காமல் கால் மணி, இருபது நிமிஷம் ஓட வேண்டும். திண்டிவனம் ரோட்டில் போனால் தானாக நடந்துவிடும். பள்ளிக்கும் வீட்டுக்கும் போய் வந்தால் நடக்காது. பாதியில் பாதியில் அணைத்தால், கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல் கீழே வழிந்து இஞ்சின் ஆயிலோடு கலக்கும். அளவு பார்க்கிற கம்பியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல்! இந்த வண்டிகளுக்கு ஆயிலும் தனி ரகம். எரிந்தால் சாம்பல் குறைவாக மிஞ்சுகிற ரகம்தான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

சில வண்டிகளில் டெஃப் என்று ஒரு திரவமும் தனியாக ஊற்ற வேண்டும். சுத்தமான தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா. எங்கள் ஊர் ஆள் ஒருவர், "யூரியாதானே, கொட்டாய்ல மூட்டை கிடக்குதே, கரைச்சி ஊத்தினா ஆச்சு" என்றாரே பார்க்கலாம்! பயிருக்குப் போடுகிற யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. அதைக் கரைத்து ஊற்றினால் வண்டி என்ன ஆகும்? நல்லவேளை, அவர் மனைவி விடவில்லை.

பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் வண்டிக்கும் ஒதுக்குங்கள் என்கிறேன். ஆயில் மாற்றின தேதி, மீட்டரில் இருந்த எண், டீசல் ஃபில்டர் எப்போது போட்டது, இவ்வளவுதான். டீசலில் தண்ணீர் இருக்கிறது என்று டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால், "அது சும்மா எரியும்" என்று சொன்னாலும் விடாதீர்கள். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்க ரொம்ப நேரம் பிடிக்காது. பழைய வண்டி வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். மீட்டரைத் திருப்பிவைக்க ஆள் இருக்கிறார்கள், அதனால் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

"பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்" என்று என் வீட்டுக்காரரும் முதலில் சொன்னார்தான். இப்போது எங்கள் வண்டி 68,400-ல் நிற்கிறது. அடுத்த ஆயில் 71,000-ல். "ஏங்க, இன்னும் 2,600 தான் இருக்கு" என்று நான் நேற்றுச் சொன்னதற்கு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி, சரி" என்றார். நாத்தனார் வீட்டிலும் நோட்டுப் போட்டாகிவிட்டது. 5 பவுனைத் திருப்புகிறவரை நோட்டு அவள் தலைமாட்டில்தான் இருக்குமாம்.

- ஒரு வாசகி, தொண்டூர்.