படிக்கிறார்கள், புரிகிறதா?

சென்ற ஆண்டுவிழாவில் குழந்தைகளின் வாசிப்புப் போட்டிக்கு நடுவர்களாக அமர்ந்த மூவரில் நானும் ஒருவன். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு பக்கம், இரண்டு நிமிடம். தடங்கல் இல்லாமல், ழகரம் சுத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்த ஒரு பையனுக்கு முதல் பரிசு கொடுத்தோம். அரங்கமே கைதட்டியது. கடைசியாக வந்த ஒரு சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மணியடித்தவன் நான்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு தமிழ் வகுப்பில் அந்த இருவரும் இருந்தார்கள். நான் கைப்பட எழுதி எடுத்துப்போன ஒரு சிறு பத்தியை எல்லோரையும் படிக்கச் சொன்னேன். பத்தி இதுதான்: பாட்டி பேரனுக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் உறங்கிவிட்டாள். காலையில் பானை காலியாக இருந்ததைப் பார்த்த பேரன், பள்ளிக்குப் போகாமல் வேலை தேடிக் கிளம்பினான்.

பரிசு வாங்கிய பையன் ஒரே மூச்சில் படித்து முடித்தான். "பாட்டி என்ன செய்தாங்க?" என்று கேட்டேன். "சாப்பிட்டுத் தூங்கிட்டாங்க அங்கிள்." "பானை ஏன் காலியா இருந்தது?" சற்று யோசித்தான். "திருடன் வந்திருப்பான்."

அந்தச் சிறுமி அதே பத்தியைப் படிக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டாள். முடித்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "சோறு ஒரு ஆளுக்குத்தான் இருந்திருக்கும். ஆச்சி பசிக்கலைன்னு பொய் சொல்லியிருப்பா."

நான் எழுதாத பொய் அது. ஆனால் கதையில் இருக்கிறது. தாராவியிலிருந்து ஐரோலிக்குக் குடிவந்த திருநெல்வேலிக் குடும்பம் அது. வீட்டில் ஆச்சி இருக்கிறார். இரவில் கதை சொல்கிறார். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வரிகளுக்கு நடுவில் இருப்பதும் கேட்கிறது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனை யாரும் இதுவரை "ஏன்?" என்று கேட்டதில்லை. கேட்டதெல்லாம் "சரியாப் படிச்சியா?" என்பதுதான்.

படிப்பு என்பது இரண்டு சரக்கு சேர்ந்தது. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று. அந்த மொழி புரிவது மற்றொன்று. 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அந்தப் பையனுக்கு ஒன்று குறைவு, சிறுமிக்கு மற்றொன்று குறைவு. நாம் ஒரு குறைக்குப் பரிசு கொடுத்தோம், மற்றதற்கு மணியடித்தோம்.

இது நம் பிள்ளைகளின் நோய் மட்டும் அல்ல. 1995-ல் இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் என்ற அமைப்பு, 2005 முதல் நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை அளந்து வருகிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படிகள். கதை என்றால் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதை. அதைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் 27.3 சதவீதம். கொரோனாவுக்குப் பின் 2022-ல் 20.5 ஆக இறங்கி, 2024-ல் 27.1க்கு ஏறியது. நூறில் எழுபதுக்கும் மேல் படிக்கவே தடுமாறுகிறார்கள். படித்தவர்களிலும் எத்தனை பேர் பானை ஏன் காலி என்று சொல்வார்கள்?

மத்திய அரசு 2021-ல் நிபுண் பாரத் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்க வேண்டும், கெடு 2026-27. அதில் நிமிடத்துக்கு அறுபது சொல் என்று ஓர் அளவும் உண்டு. தமிழுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? "போகவேண்டியிருந்ததால்" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதையே நாலைந்து சொல்லாக்கிவிடுவார்கள். நல்லவேளை, 2022-ல் இருபது மொழிகளில் பிள்ளைகளைச் சோதித்த என்.சி.இ.ஆர்.டி., மொழிக்கு மொழி தனி அளவு வைத்தது. நம் போட்டியில் மட்டும் இன்னும் கடிகாரம்தான் தலைமை நடுவர்!

தமிழில் நம் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று சில மாதங்களாகக் குறித்து வருகிறேன். பெரும்பாலும் அரிய சொற்களில் அல்ல, சொல்லின் வாலில். "சாப்பிடாமல்" என்பதில் உள்ள "ஆமல்" அவர்கள் காதில் விழுவதில்லை. "சாப்பிடு" மட்டும் விழுகிறது. ஆங்கிலத்தில் "இல்லை" என்பது தனிச் சொல்லாகக் கண்ணில் படும். தமிழிலோ அது வினைக்குள் ஒளிந்திருக்கும். யார் செய்தார் என்பதும் அப்படியே. "வந்தாள்" என்று மட்டும் இருந்தால் வந்தது யார் என்று மேலே பார்த்துத் தேட வேண்டும். போதாததற்கு, வீட்டில் "தூங்கிட்டா" என்று கேட்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் "உறங்கிவிட்டாள்" என்று வேறொரு தமிழ் காத்திருக்கிறது. ஆங்கிலம், மராத்தி, இந்தி மூன்றையும் சுமக்கும் பிள்ளைகள் இவர்கள். மராத்தி 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். முதல் வகுப்பிலிருந்தே இந்தி என்ற ஆணை 2025 ஏப்ரலில் வந்து ஜூனில் திரும்பப் போனது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தை ழகரத்துக்கே செலவழிக்கிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு நாள் பூநாரையைப் பற்றி ஒரு பக்கம் கொடுத்தேன். கடினமான பக்கம், உவர்நீர், அலகு, சேறு என்றெல்லாம் வரும். பயந்துகொண்டே கொடுத்தேன். வகுப்பே கலகலத்துவிட்டது. காரணம், குளிர்காலத்தில் ஐரோலிப் பாலத்தின் மேல் போகும்போது கழிமுகத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும் கூட்டத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். "ஃபிளமிங்கோவா அங்கிள்?" என்று ஒருவன் கேட்டதும் தெரியாத சொல்லெல்லாம் தானே விளங்கிவிட்டது. 1988-ல் அமெரிக்காவில் இரண்டு பெண் ஆய்வாளர்கள் இதையே பேஸ்பால் ஆட்டத்தை வைத்துச் சோதித்தார்கள். ஆட்டம் தெரிந்த "மந்தமான" பிள்ளைகள், ஆட்டம் தெரியாத "கெட்டிக்கார" வாசகர்களைவிட அந்தப் பக்கத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே நம் பாடப் பக்கங்களில் வயலும் வரப்பும் மட்டும் இருந்தால் போதாது. எட்டு நாற்பது லோக்கலும், தாராவி இட்லிக்காரரின் சைக்கிளும், மாட்டுங்கா பூக்கடையும் வரவேண்டும். வயலையும் சொல்லித்தரலாம், முதலில் ஊருக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டு.

புத்தகம் கிடைப்பதில்லை என்ற பழைய புகார் இப்போது செல்லாது. நாங்கள் அம்புலிமாமாவுக்கும் கோகுலத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தோம். இன்று பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். நம் வகுப்பிலும் அப்படிச் செய்யலாம். என்ன, பத்து வயதுப் பிள்ளையை அரும்பில் உட்காரவைத்தால் சில பெற்றோர்களுக்குக் கோபம் வரும்.

வரும் ஆண்டுவிழாவுக்கு ஒரு யோசனையைக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை ஒரு பத்தியை மௌனமாகப் படிக்கட்டும், எவ்வளவு நேரமானாலும். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டுத் தன் சொந்தத் தமிழில் கதையைச் சொல்லட்டும். வீட்டுத் தமிழாக இருந்தாலும் சரி. இரண்டு கேள்வி, அதில் ஒன்று "ஏன்". பத்து மதிப்பெண்ணில் உச்சரிப்புக்கு மூன்று, மீதி ஏழும் சொல்வதற்கு. மேடையில் பார்க்கச் சுவையாக இருக்காது என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். மேடையில் வைக்காமல் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறுமி நான்கு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மாவிடம் போனில் பேசினேன். "அவளுக்குத் தமிழ் வரலை சார். எல்லார் முன்னாடியும் மணியடிச்சதுல ரொம்ப அழுதுட்டா. ஞாயித்துக்கிழமை இங்கிலீஷ் டியூஷன்ல சேர்த்துட்டோம்" என்றார். மணியடித்தது நான் என்பதையும், பானைக் கதையில் அவள் சொன்ன பதிலையும் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். டியூஷன் பதினோரு மணிக்கு முடிகிறதாம். நம் வகுப்பைப் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்கு மாற்றினால் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றப் பெற்றோர்கள் சம்மதத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.