ஃபினாயிலுக்கு அடங்காத நாற்றம்

குளியலறையில் நாற்றம் என்றால், "வீட்டுப் பெண்கள் சரியாகக் கழுவுவதில்லை" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள் நம் ஆண்கள். வீடு கட்டிய மேஸ்திரியும் கூடச் சேர்ந்து தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பல வீடுகளில் குற்றவாளி, குழாயின் உள்பக்கத்தில் இருக்கிறான்.

தரை ஜாலிக்குக் கீழே நஹானி டிராப் இருக்கிறதே, அதில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்றுக்கும் நம் மூக்குக்கும் நடுவே உள்ள கதவு அந்தத் தண்ணீர்தான். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இந்த டிராப்புக்கு 'சிஃபோன்' என்று பெயர். உறிஞ்சி இழுக்கும் குழாய்க்கும் அதே சொல்தான். காவல்காரனுக்கும் திருடனுக்கும் ஒரே பெயர்!

மாடியிலிருந்து இறங்கும் குழாயில் தண்ணீர் நிறைந்து விழுவதாக நினைக்கிறோம். அப்படியில்லை. குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு ஒரு தோல் மாதிரி வழிகிறது. நடுவில் காற்றுக்கு வழி. கணக்குப்படி கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் நீர் இருக்கவேண்டும். சுவரில் உராய்வதால் சில மீட்டரிலேயே அதன் வேகம் ஒரு நிலைக்கு வந்துவிடும். பத்தாவது மாடித் தண்ணீர் பேய் வேகத்தில் வரும் என்பதெல்லாம் கதை.

பிளம்பர் செய்வதைப் பாருங்கள். ஆக்ஸா பிளேடால் பி.வி.சி. குழாயை அறுக்கிறார். வெட்டுவாயில் பிசிறு நிற்கிறது. அரம் போட்டுத் தேய்க்க அரை நிமிடம் ஆகும், தேய்ப்பதில்லை. ஒட்டுகிற சொல்யூஷனை அள்ளிப் பூசுகிறார். அது உள்ளே வழிந்து மேடாக இறுகுகிறது. அதில் முடி சிக்கும், சோப்பும் எண்ணெயும் படியும். வழிந்து வரும் நீர் அந்த மேட்டில் இடறி, சுவரை விட்டு நடுவில் பாய்கிறது. மேல்வீட்டுக்காரர் அந்த நேரம் பக்கெட்டைக் கவிழ்த்தால் குழாய்க்குள் தண்ணீர் தக்கையாக அடைத்துக்கொள்ளும். தக்கை கீழே இறங்க, ஊசி போடும் சிரிஞ்சின் தண்டு மாதிரி பின்னால் காற்றை இழுக்கும். உங்கள் டிராப் தண்ணீர் 'களக் களக்' என்று அதோடு போய்விடும். பிறகு எத்தனை பாட்டில் ஃபினாயில் ஊற்றி என்ன?

இந்த இழுப்பைத் தணிக்கத்தான் மொட்டைமாடி வரை காற்றுக்குழாய் வைப்பது. முகப்பின் அழகு கெடுகிறதென்று அதற்கு மூடி போடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

நாற்றம்தானே என்று இருந்துவிட முடியாது. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியது. தரை டிராப்புகளில் தண்ணீர் வறண்டிருந்ததை விசாரணையில் ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே புழங்காமல் வறண்டது. இங்கே உறிஞ்சப்பட்டு வறள்கிறது.

இதை ஒரு ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். "சார், நீங்க ஆபீஸ்ல ஃபைல் பார்த்தவர். பைப்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். ஃபைல் பார்த்தவனுக்கு, கையெழுத்துப் போடுமுன் உள்ளே பிரித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. உங்கள் வீட்டில் குழாய் வேலை நடந்தால், ஒட்டுவதற்கு முன் வெட்டுவாயில் விரலை விட்டு மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் பில்லைத் திருப்பி அனுப்புங்கள்.