'சோபிசோ' என்ற சொல்லைக் காட்டி வேதத்தை மூடுகிறவர்கள்



"மூலபாஷையில் இதற்கு வேறு அர்த்தம்" என்று பிரசங்க பீடத்திலிருந்து ஒருவர் சொன்னவுடன் சபை வாயடைத்துப்போகிறது. அப்படிக் கையாளப்படும் சொற்களுள் ஒன்று 'சோபிசோ'. அது அபிஷேகம் பெற்ற சிலருக்கே அருளப்படும் இரகசிய அறிவாம். அவர்கள் திறந்து காட்டாவிட்டால் வேதம் உங்களுக்குத் திறவாதாம். இதை நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு நீங்கள் கிரேக்கம் கற்கவேண்டியதில்லை.

புதிய ஏற்பாட்டில் இவ்வினைச்சொல் வருவது இரண்டே இடங்களில். 2 தீமோத்தேயு 3:15-ல் அதற்கு ஞானமுள்ளவனாக்குதல் என்று பொருள். அங்கே ஞானமுள்ளவனாக்குவது எது? போதகர் அல்ல, வேத எழுத்துக்கள். ஞானம் பெறுகிறவன் யார்? சிறுபிராயமுதல் அவற்றை அறிந்த தீமோத்தேயு. அவனுடைய விசுவாசத்தைப் பற்றிச் சொல்லும்போது பவுல் பெயர் குறிப்பிடுவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையுமே. கிரேக்க பழைய ஏற்பாட்டில் 19-ஆம் சங்கீதமும், கர்த்தருடைய சாட்சி பேதைகளுக்குச் செய்வதைக் கூற இதே வினையை ஆளுகிறது. 'பேதை' என்ற இடத்தில் அங்கே நிற்கும் சொல் பச்சிளம் பிள்ளைகளைக் குறிப்பது. இதில் இரகசியம் எங்கே இருக்கிறது?

மற்றொரு இடம் 2 பேதுரு 1:16. அங்கே அச்சொல் கட்டுக்கதைகளுக்கு அடைமொழியாகி, தமிழில் 'தந்திரமான' என்று வருகிறது. நம் மொழியில் 'சூழ்ச்சி'யும் அப்படித்தான்: குறளில் ஆலோசனை, இன்று சதி. எப்பொருள் என்பதை வாக்கியமே தீர்மானிக்கும், வேர்ச்சொல் அல்ல. அகராதியில் தமக்குப் பிடித்த பொருளைப் பொறுக்கி எல்லா வசனங்களிலும் ஒட்டுகிறவர்கள், பேதுரு விலக்கிய வேலையையே செய்கிறார்கள்.

ஞானம் தேடி உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்திறங்கும் ஊர் நம் திருவண்ணாமலை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றுகிறவர்களின் தேடலை நான் இகழமாட்டேன். நம் சபையின் முதிய தாய்மார், "எனக்கென்ன ஐயா தெரியும், படிச்சவங்க சொன்னா சரி" என்று வேதத்தை மூடிவைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியது யாருக்காக?

இனி ஒருவர் மூலபாஷை என்று தொடங்கினால், "எந்த வசனம், ஐயா?" என்று கேளுங்கள். அதற்கு முன்னும் பின்னுமுள்ள ஐந்து வசனங்களை அங்கேயே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். என்னிடமும் அப்படியே கேளுங்கள்.