தானே சால் பிடிக்கும் டிராக்டர்: சிறு விவசாயிக்கு லாபமா?

ஏர் ஓட்டிப் பழகியவர் கொழுவைப் பார்த்து ஓட்டுவதில்லை. எதிர் வரப்பில் நிற்கும் பனையையோ, நட்டு வைத்த குச்சியையோ குறி வைத்து ஓட்டுவார். சால் நேராக விழும். புதிதாக ஏர் பிடிப்பவர் கொழுவையே பார்ப்பார். சால் பாம்பு போல் நெளியும்.

டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடாமலே நேராக ஓடும் டிராக்டரும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. வயலின் எல்லையும் சால் செல்ல வேண்டிய கோடுகளும் முதலில் கருவியில் பதிவாகின்றன. பிறகு, சில மீட்டர் முன்னால் அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளியைக் கருவி குறித்துக்கொண்டு, அதை நோக்கிச் சக்கரத்தைத் திருப்புகிறது. டிராக்டர் நகர நகரப் புள்ளியும் முன்னேறும். புள்ளி மிக அருகில் இருந்தால் வண்டி இடமும் வலமுமாக அலையும்; மிகத் தொலைவில் இருந்தால் வளைவைக் குறுக்கே வெட்டிவிடும். இன்னொரு முறையில், முன்சக்கரம் கோட்டை விட்டு எவ்வளவு விலகியது, வண்டி எவ்வளவு கோணலாக நிற்கிறது என்ற இரண்டையும் கணக்கிட்டுத் திருத்துவார்கள். 2005-ல் அமெரிக்கப் பாலைவனத்தில் ஆளில்லாமல் சுமார் 212 கி.மீ. ஓடிப் பந்தயத்தில் வென்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கார் இம்முறையில் ஓடியதாகும்.

செல்போன் துல்லியம் போதாது

கோடு சரியாக இருந்தாலும், தான் நிற்கும் இடம் வண்டிக்குத் தெரிய வேண்டும். செல்போனில் உள்ள ஜி.பி.எஸ். சில மீட்டர் வரை தவறு காட்டும். சாலை தேட இது போதும், 22.5 செ.மீ. இடைவெளியில் நடும் திருந்திய நெல் சாகுபடிக்கு உதவாது. அருகிலுள்ள தரை நிலையத்திலிருந்து திருத்தக் குறிப்பு கிடைத்தால்தான் 2 அல்லது 3 செ.மீ. துல்லியம் வரும். மேடுபள்ளமும் தொல்லை தரும். 3 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள டிராக்டர் 5 டிகிரி சாய்ந்தால், ஆன்டெனா 26 செ.மீ. நகர்ந்துவிடும். சாய்வை அளந்து சரிசெய்யும் வசதி இல்லாத கருவியால் பயனில்லை.

சின்ன வயலின் கணக்கு

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்பது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அதுவும் பல துண்டுகளாகக் கிடக்கும். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் 40 மீட்டர் சால் ஓட்ட 36 விநாடி ஆகும். வரப்போரத்தில் திரும்ப 15 விநாடி என்று வைத்துக்கொண்டால், நேரத்தில் கால் பங்குக்கு மேல் திரும்புவதிலேயே போய்விடும். 200 மீட்டர் வயலில் இது பத்தில் ஒரு பங்கு கூட இராது. நேராக ஓட்டித் தரும் கருவியின் பலன் நீண்ட வயலுக்கே அதிகம். ஆகவே இரண்டு ஏக்கர்காரர் கடன் வாங்கி இதைப் பொருத்துவது வீண். அசலும் வட்டியும்தான் மிஞ்சும்.

அதற்காக, 'இது பெரிய பண்ணைக்காரர் சமாச்சாரம்' என்று ஒதுக்குவதும் சரியன்று. 2 மீட்டர் அகலக் கருவியை ஓட்டும் டிரைவர், ஒவ்வொரு முறையும் ஓட்டிய இடத்திலேயே 20 செ.மீ. மறுபடி ஓட்டினால் பத்தில் ஒரு பங்கு வேலை வீண். மணிக்கணக்கில் வாடகை தரும் சிறு விவசாயியின் பணம்தான் அதில் போகிறது. வரிசை நேராக அமைந்தால் களையெடுக்கும் கருவி பயிரை மிதிக்காமல் ஓடும். ஆள் கூலி குறையும்.

எனவே இக்கருவி தனி ஆளிடம் இருப்பதைவிடக் கூட்டுறவுச் சங்கத்திடமோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ, அரசு வாடகை மையத்திடமோ இருப்பதே நல்லது. அப்போதுதான் மிச்சமாகும் நேரம் வாடகைக் குறைவாக விவசாயிக்கு வந்து சேரும். திருத்தக் குறிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் அரசே வழங்க வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் ஒரே நாளில், ஒரே திசையில் உழவு வைத்துக்கொண்டால் டிராக்டர் வந்து போகும் செலவாவது பங்காகும்.

வியாபாரி காட்டும் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டாம். தம் சொந்த வயலில், தம் ஊர் செல்போன் சிக்னலில், ஈரச் சேற்றில் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். சால் நேராக விழுந்த பிறகு விலை பேசலாம்.