சிவப்பு ஒயினும் எளிய தொடுகறியும்

இலக்கியக் கூட்டம் முடிந்த பிறகு நடைபெறும் இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நினைவுக் குறிப்புகளில், நேர்காணல்களில், இரங்கல் கட்டுரைகளில் அந்த மொட்டைமாடி எப்படியாவது வந்துவிடுகிறது. யார் எந்தக் கவிதையை மனப்பாடமாகச் சொன்னார், யார் யாரோடு முரண்பட்டார், விடியற்காலையில் யார் தேம்பி அழுதார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கின்றன. கீழே அடுக்களையில் நின்று முட்டைப் பொரியலையும் வறுத்த கோழியையும் தட்டுத் தட்டாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் நான் படித்தவரையில் எவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? பேச்சு நடந்த இடத்தில் அவர் இல்லையே.

அண்மை ஆண்டுகளில் அந்த மாடியில் ஒயின் புட்டிகளும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. விருந்தினர் வருகிறார்கள், சிவப்பு ஒயின் இருக்கிறது, உடன் வைக்க எளிதாக என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கும் நண்பர்களும் உண்டு. (தமிழ்ப் பேராசிரியையிடம் கேட்கத்தக்க ஐயம்தானா இது என்று சிலர் புருவம் உயர்த்தலாம். தேறலும் பிழியும் நறவும் பாடத்திட்டத்தில் இருக்கும்வரை கேட்கலாம்.) விருந்தினர் வந்தபின் அடுப்பைப் பற்றவைக்க வேண்டிய எந்தப் பண்டமும் சிவப்பு ஒயினுக்கு ஏற்றதன்று என்பது என் விடை. இதற்கு நாவின் காரணம் ஒன்று; நாற்காலியின் காரணம் மற்றொன்று.

நாவின் காரணத்தை முதலில் பார்ப்போம். நம் ஊரில் விற்கும் பிராந்தியில் மதுச்சாரம் 42.8 விழுக்காடு. சிவப்பு ஒயினிலோ பெரும்பாலும் 12 முதல் 14 விழுக்காடு. தொண்டையின் எரிச்சலை நாக்கின் எரிச்சலால் மறக்கடிக்கும் பொருட்டு முன்னதற்கு ஊறுகாயும் மிளகாய்க் கோழியும் மசாலாக் கடலையும் துணைக்கு வந்தன. அந்தத் துணைகளை அப்படியே ஒயினுக்கு மாற்றி வைக்கும்போதுதான் கேடு விளைகிறது. மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு வாயில்களை மதுச்சாரமும் தூண்டுவதால் ஒன்று மற்றொன்றின் எரிச்சலைப் பெருக்குகிறது. பழத்தின் மணமெல்லாம் அடங்கிப்போய்க் கசப்பும் சூடும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஒயின் என்றால் புளித்த கஷாயம் என்று நம்மில் பலர் முடிவுகட்டியிருப்பதற்குக் காரணம் அருகிலிருந்த தட்டு என்றே கருதுகிறேன்.

சிவப்பு ஒயினின் தனித்த சுவை துவர்ப்பு. அறுசுவையுள் நாம் மிகவும் புறக்கணித்துவிட்ட சுவை அது. வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் விட்டால் நம் அன்றாடத்தில் அதற்கு இடம் குறைவு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் நம் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. வாய் உலர்ந்து சுருங்குவது அதனால்தான். கொழுப்பும் புரதமும் மிக்க உணவு உடன் இருந்தால் அந்தத் துவர்ப்பு மென்மையாகிவிடும். உப்பும் அதைத் தணிக்கும். பாலாடைக்கட்டி, இறைச்சி, ஆலிவ், பருப்பு வகைகள் எல்லாம் ஒயினோடு இணங்கிப்போவதன் உட்பொருள் இவ்வளவே. மீன் மட்டும் விலக்கு. சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீனோடு சேரும்போது கவிச்சையைக் கிளப்புவதை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வறுத்த வஞ்சிரத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒயினுக்கு எதைத் தொட்டுக்கொள்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பட்டியல் சமையல் நூல் எதிலும் இல்லை. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. சாக்ரடீஸ் தம் எளிய நகரத்தின் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்று விவரிக்கிறார். கோதுமை அப்பமும் வாற்கோதுமை அப்பமும் சுத்தமான இலைகளின் மேல் பரப்பப்பட்டிருக்கும். மக்கள் ஒயின் அருந்திப் பாடிக் களிப்பார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றுமே இல்லையே என்று இடைமறிக்கிறான் கிளாக்கன். மறந்துவிட்டேன் என்று சொல்லி உப்பையும் ஆலிவையும் பாலாடைக்கட்டியையும் வேகவைத்த வெங்காயத்தையும் கீரையையும் சேர்க்கிறார் சாக்ரடீஸ். பின்னர் அத்திப்பழம், கொண்டைக்கடலை, அவரை வகைகள். கிளாக்கனுக்கு இதுவும் போதவில்லை. பன்றிகளின் நகரத்தை அமைத்தால் அவற்றுக்கும் இதைத்தானே போடுவீர்கள் என்று ஏளனம் செய்கிறான். அவன் ஆசைப்படுகிற மஞ்சமும் மேசையும் பல்வகைக் கறிகளும் நகரத்துக்குள் நுழைந்ததும் சமையற்காரர்களும் ஏவலர்களும் தேவைப்படுகிறார்கள், நிலம் போதாமல் போகிறது, போர் வருகிறது. தட்டில் வகை கூடினால் அதைச் செய்து தர யாரோ ஒருவர் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அந்த உரையாடல் இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறது.

நாற்காலியின் காரணத்தையும் அதே பிளேட்டோதான் நினைவூட்டுகிறார், சற்றுக் கசப்பாக. 'சிம்போசியம்' என்ற சொல்லுக்கே கூடிக் குடித்தல் என்று பொருள். காதலைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற உரையாடல் தொடங்குமுன், குழலூதும் பெண்ணை வெளியே அனுப்பிவிடலாம், அவள் தனக்குத்தானே வாசித்துக்கொள்ளட்டும், அல்லது உள்ளேயிருக்கும் பெண்களுக்கு வாசிக்கட்டும் என்று ஒருவர் முன்மொழிகிறார், எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அன்றிரவின் மிக ஆழமான கருத்து தியோதிமா என்ற பெண்ணுடையது. ஆனால் அவள் அங்கே இல்லை. அவள் சொன்னதைச் சாக்ரடீஸ் எடுத்துச் சொல்கிறார். நம் மொட்டைமாடிக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

நம் பக்கத்துச் சான்றுகளும் இரு வகையாக இருக்கின்றன. யவனர் கலத்தில் வந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. (புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் அந்த வரியின் மறுபாதியைப் போல எனக்குத் தோன்றும்.) அங்கே வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தருகிறார்கள், அருந்துபவன் பாண்டியன். 235ஆம் பாடலிலோ அதியமான் கள் குறைவாகக் கிடைத்தால் ஔவைக்கே கொடுத்துவிடுகிறான். மிகுதியாகக் கிடைத்தால் அவள் பாட, தானும் அருந்தி மகிழ்கிறான். புலவராக வந்த பெண்ணுக்கு இருக்கை இருந்திருக்கிறது. வீட்டுப் பெண்ணின் இடம் நற்றிணை 120இல் தெரிகிறது: புகை சூழ்ந்த கண்கள், நெற்றியில் துளிர்த்த வியர்வையைத் துடைக்கும் துகில் முனை. கணவன்மேல் ஊடலில் இருக்கிறாள். விருந்தினர் யாராவது வந்தால் சினத்தை மறைத்துச் சிரிப்பாள் என்று அவன் காத்திருக்கிறான். அழகான பாடல்தான், மறுக்கவில்லை. வகுப்பில் இதை நடத்தி முடித்தபோது ஒரு மாணவி, "அந்த அம்மா எப்போ மேடம் சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். உரையாசிரியர் எவரும் எழுப்பாத வினா அது.

இனி, தட்டுக்கு வருவோம். கத்தலோனியாவில் ஒரு பண்டம் உண்டு. அதைச் சமையல் என்று சொல்வதே மிகை. தடித்த ரொட்டித் துண்டை வாட்டி, பூண்டுப் பல்லால் ஒருமுறை தேய்த்து, நன்கு கனிந்த தக்காளியை இரண்டாக வெட்டி அதன் சாறும் சதையும் ரொட்டியில் இறங்குமாறு அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் தூவிவிட்டால் முடிந்தது. நாட்டுத் தக்காளியின் புளிப்பு இதற்கு மிகப் பொருந்தும். ரொட்டியை முன்னதாகவே வாட்டி வைத்துவிட்டு, பூண்டையும் தக்காளியையும் மேசையிலேயே வைத்துவிடுங்கள், அவரவர் தேய்த்துக்கொள்வார்கள். கை அழுக்காகும் விருந்தில் பேச்சு விரைவில் இயல்பாகிவிடும் என்பது நான் கண்டது.

கொண்டைக்கடலை சாக்ரடீஸின் பரிந்துரை. நமக்குச் சுண்டலாகப் பழக்கம். முந்தைய இரவு ஊறவைத்து, காலையில் உப்பிட்டு வேகவைத்து, நசுக்கிய பூண்டு, வறுத்த சீரகப்பொடி, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசறி மூடி வைத்தால் மாலைக்குள் சுவை ஊறிவிடும். மிளகாய் வற்றல் தாளிக்க நீளும் கையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். புரோவான்ஸ் பகுதியின் தப்பனாடு இன்னும் எளிது: கறுப்பு ஆலிவ், கேப்பர் மொட்டு ஊறுகாய், பூண்டு, எண்ணெய் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்த துவையல். நெத்திலி போன்ற உப்பிட்ட மீனும் அங்கே சேர்ப்பார்கள்; மேலே சொன்ன காரணத்தால் நான் சேர்ப்பதில்லை. பாலாடைக்கட்டிக்கு நாம் ஐரோப்பாவை நோக்க வேண்டியதில்லை. கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் நல்ல கட்டிகள் செய்கிறார்கள். உண்பதற்கு அரைமணி நேரம் முன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் போதும்.

வயிற்றை நிரப்ப ஒன்று வேண்டுமல்லவா? அதற்குப் பர்கண்டி நாட்டின் ஒயின் குழம்பு இருக்கிறது. அங்கே மாட்டிறைச்சியில் செய்வார்கள். நம் வீடுகளில் வழக்கம்போல் ஆட்டிறைச்சியிலும் செய்யலாம். ஒரு கிலோ இறைச்சியை எண்ணெயில் சிவக்க வதக்கி எடுத்துக்கொண்டு, அதே பாத்திரத்தில் இரண்டு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், ஆறு பல் பூண்டு போட்டு வதக்கி, ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிப் புரட்டி, அரைப் புட்டி சிவப்பு ஒயினும் இறைச்சி மூழ்கும் அளவுக்கு நீரும் விட்டு, பிரிஞ்சி இலை, மிளகு, உப்பு சேர்த்துச் சிறுதீயில் இரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். இறக்கும் தறுவாயில் காளான். இதை விருந்துக்கு முந்தைய நாளே செய்துவிட வேண்டும் என்பதுதான் இதன் சிறப்பு. ஓரிரவு கழிந்தால் சுவை கூடுகிறது. விருந்தினர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் சிறுதீயில் ஏற்றினால் தானே சூடாகும். யாரும் அருகில் நிற்க வேண்டியதில்லை.

ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற வாசகத்தை நம்பி மே மாதச் சென்னையில் அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். அந்த 'அறை' குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 பாகை. நம் வீட்டில் முக்கால் மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைத்தால்தான் அதன் கிட்டத்தில் வரும்.

இவ்வளவுதானா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலேயே மூத்த எழுத்தாளர் ஒருவர் கேட்டார். இலை நிறைந்தால்தான் விருந்து என்பது நம் குருதியில் இருக்கிறது. பதினெட்டு வகை வைத்தும் 'ஒன்றுமில்லை, சும்மா சாப்பிடுங்கள்' என்று சொல்லும் மரபினர் நாம். அந்தத் தாராளத்தை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால் அந்தப் பதினெட்டையும் செய்தவர் பந்தி முடிந்தபின் அடிப்பிடித்ததைச் சுரண்டி உண்பதையும் சேர்த்தே தாராளம் என்று அழைத்துவந்திருக்கிறோம். வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்தைப் புகழ்பவர்கள் கள்ளுண்ணாமை அதிகாரத்தை எனக்குச் சுட்டிக்காட்டக்கூடும். காட்டட்டும். அருந்தாதவர்களுக்கு மாதுளைச் சாறு வைக்கலாம். அதற்கும் துவர்ப்பு உண்டு, மேற்சொன்ன தட்டு அதற்கும் பொருந்தும். என் கேள்வி கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியதே அன்று.

அந்த மூத்த எழுத்தாளருக்கு அன்று என் கணவர் விடை சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். எழுந்து போகாமல், அவர் எதிரிலேயே அமர்ந்தபடி. பிறகு பேச்சு மௌனியின் வாக்கிய அமைப்புக்குத் தாவிற்று. பதினோரு மணிவரை நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. மீந்த குழம்பு மறுநாள் காலைத் தோசைக்கு ஆயிற்று. அதற்கு மட்டும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி சேர்த்தேன்.